பள்ளிச் செலவில் நம் ஊர் பங்கு எவ்வளவு?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சின்ன ஊர்கள் இரண்டு மூன்று கூட்டுச் சேர்ந்து ஒரே பள்ளி மாவட்டம் நடத்துவது சகஜம். அந்த மாவட்டத்துக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. ஊர்களுக்குப் பில் அனுப்பும். ஊர்கள் சொத்து வரியில் வசூலித்துக் கட்டும். ஊர் வாக்காளர்கள் கூடி பட்ஜெட்டை முடிவுசெய்யும் டவுன் மீட்டிங்கில் கை தூக்கப் போகிறவர் அந்தக் கணக்கை ஒருமுறை தானே போட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில் ஊர்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். ஆண்டுச் செலவுக்கு ஒரு சூத்திரமும் கட்டடக் கடனுக்கு வேறொன்றும் இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதிச் சண்டை நடக்கிறது.

அடுத்து, மாநிலம் விதிக்கும் குறைந்தபட்சப் பங்கு. 1993 கல்விச் சீர்திருத்தச் சட்டத்திலிருந்து வந்த ஏற்பாடு இது. ஊரின் சொத்து மதிப்பையும் மக்களின் வருமானத்தையும் பார்த்து ஆண்டுதோறும் தொகை வரும். இதில் பேரம் பேச இடமில்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பேச இடமிருப்பது மீதித் தொகையில். கற்பனையாக ஒரு கணக்கு: மூன்று ஊர்கள், பட்ஜெட் 2 கோடி டாலர். மாநில உதவியும் பிற வரவும் 80 லட்சம். மூன்று ஊர்களின் குறைந்தபட்சப் பங்கும் சேர்ந்து 90 லட்சம். மீதி 30 லட்சத்தை அக்டோபர் 1 மாணவர் கணக்குப்படி பிரிக்கிறார்கள். சின்ன ஊருக்கு 1,000 பிள்ளைகளில் 200 பேர், ஆக 6 லட்சம். அதன் குறைந்தபட்சப் பங்கு 20 லட்சத்தையும் சேர்த்தால் 26 லட்சம். ஊரின் சொத்து மதிப்பு 40 கோடி என்றால் ஆயிரம் டாலருக்கு 6.50 டாலர் வரி. 5 லட்சம் டாலர் வீட்டுக்காரர் பள்ளிக்கு மட்டும் 3,250 டாலர் கட்டுவார்.

மறு வருஷம் அந்த ஊருக்கு நாலைந்து குடும்பம் குடிவந்து பத்துப் பிள்ளைகள் கூடினால், மற்றதெல்லாம் மாறாவிட்டாலும் அதன் பங்கு சுமார் 24,000 டாலர் ஏறிவிடும். மாணவர் எண்ணிக்கைக்கு மூன்றாண்டுச் சராசரி எடுத்தால் முதல் வருஷம் சுமார் 8,000தான். ஒப்பந்தத்தில் சராசரி இல்லாவிட்டால், சின்ன ஊர்க்காரர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

ஏற்றத்தை ஊர் தாங்குமா என்று பாருங்கள். 1980-இல் வாக்காளர்கள் கொண்டுவந்த ‘இரண்டரைச் சட்டம்’ மொத்த வரி வசூல் வரம்பை ஆண்டுக்கு 2.5 சதவீதத்துக்கு மேல் உயர விடாது. புதுக் கட்டடங்களால் வரும் வரி தனி. அந்த வரம்பைத் தாண்ட வாக்குப்பெட்டிக்குப் போக வேண்டும். இல்லையேல் சாலையிலோ நூலகத்திலோ வெட்டு விழும்.

கடைசியாக ஓட்டு. பள்ளிக் குழு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு பட்ஜெட்டை நிறைவேற்றிய பின், உறுப்பு ஊர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஒப்ப வேண்டும். இரண்டே ஊர் என்றால் இரண்டும். மூன்று ஊர்க் கூட்டில் மற்ற இரண்டும் ஒப்பிவிட்டால், நீங்கள் வேண்டாமென்று கை தூக்கினாலும் பில் உங்கள் ஊருக்கும் வரும்.