ஆட்டிசமுள்ள வாலிபரும் நமது கடையும்



ஆட்டிசம் என்றவுடன் நம்மவர் சிறு பிள்ளைகளையே நினைக்கின்றனர். பேச்சு வரத் தாமதமாகும் குழந்தை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராத குழந்தை; இவ்வளவோடு நம் கவனம் நின்றுவிடுகிறது. அக்குழந்தை வளர்ந்து வாலிபனாகி, நம் கடையிலேயே சரக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கலாம் என்பதை எண்ணுவோர் சிலரே. தமிழில் இதனை ‘மதியிறுக்கம்’ என எழுதுகிறார்கள். அச்சொல் எனக்கு ஒப்பவில்லை. அவருடைய மதி இறுகிப் போகவில்லை. பிறவியிலேயே வேறு விதமாக அமைந்திருக்கிறது. ஆகவே ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

1943-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வைத்தியராயிருந்த லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் முதலாவதாக வரும் குழந்தை டொனால்ட் டிரிப்லெட். மிஸிஸிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூர்க்காரர், 1933-ல் பிறந்தவர். மூன்று வயதில் அவரை ஒரு விடுதியில் விட்ட பெற்றோர், ஏறத்தாழ ஒரு வருஷத்தில் வீட்டுக்கே திரும்ப அழைத்து வந்தனர். பின்னர் அவர் கல்லூரியில் படித்தார், சொந்த ஊர் வங்கியில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், பல தேசங்களுக்குத் தனியே பிரயாணம் செய்தார், 2023-ல் 89-ஆம் வயதில் காலமானார். ஆட்டிசம் அவரை விட்டு நீங்கவில்லை. ஊரார் அவருடைய போக்கை அறிந்து அப்படியே இருக்க விட்டார்கள். அந்த வங்கி அவருடைய தாய்வழிக் குடும்பத்தாருடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குடும்பத் தொழில் உறவினருக்கு நிழல் தருவது நமக்குப் புதிதன்று அல்லவா?

ஆனால் நிழல் தருவதாக எண்ணி வெயிலில் நிறுத்திவிடுவதும் உண்டு. அது நான் செய்த பிழை.

என் தங்கை மகன் எங்கள் ஜவுளிக் கடையின் பின்கட்டில் நான்கு வருஷம் இருப்புக் கணக்குப் பார்த்தான். ஒரு முழத் துணி தவறாது. நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் ஆள் போதாமல், அவனை முன்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினேன். சிரித்துப் பேசினான்; மலாயிலும் தமிழிலும் விலை சொன்னான். “மருமகனே, நீ தேறிவிட்டாய்!” என்று எல்லார் முன்னிலையிலும் புகழ்ந்தேன். பெருநாள் கழிந்ததும் அறையை விட்டு வெளியே வரவில்லை. குளிப்பில்லை, சரியான சாப்பாடில்லை. நான்கு வருஷம் எழுதிய கணக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வெறித்துப் பார்த்தான். நான் அதைச் சோம்பல் என்றேன்.

வைத்தியர் பார்த்து, ஆட்டிசம் என்று சொன்னபோது அவனுக்கு வயது 27. பேச்சு அப்போதும் சரியாக வரவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தான்: “மாமா, ஆட்களிடம் பேசுவதுதான் எனக்கு வேலை. கணக்கு எழுதுவது ஓய்வு. நீங்கள் ஓய்வை எடுத்துக்கொண்டு வேலையைக் கொடுத்தீர்கள்.”

இப்படிச் சோர்ந்து விழுவதைப் பற்றி அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகர ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் எழுதியிருக்கிறார்கள். ஆட்டிசமுள்ள பெரியவர்களிடமே கேட்டு எழுதியது அது. நீண்ட நாள் களைப்பு, தெரிந்த வேலையும் கை நழுவுதல், சத்தமும் வெளிச்சமும் முன்னிலும் தாங்காமை ஆகிய மூன்றும் சேர்ந்து வரும். மூன்று மாதமும் அதற்கு மேலும் நீடிப்பதுண்டு. சக்திக்கு மேற்பட்ட பாரமும், பிறரைப் போல நாள் முழுதும் நடித்துக்கொண்டிருப்பதும் இதற்கு முக்கிய காரணங்கள். இரண்டு நாள் லீவு கொடுத்துச் சரிக்கட்ட இயலாது. இவர்களிடையே பதற்றமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிட அதிகம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் அதிகமே. அத்தகைய பேச்சு காதில் விழுந்தால் அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

இனி, தம்மைத் தாமே பேணிக்கொள்ளும் வழி. பசி, தாகம், களைப்பு ஆகியவற்றை உடல் சொல்வது இவர்களில் பலருக்கு எட்டுவதில்லை. ஆகவே கடிகாரத்தைப் பார்த்து உண்பதும் தண்ணீர் குடிப்பதும் நல்லது. “மனசுக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் “தெரியாது” என்பார்கள். அது மழுப்பல் அன்று, உண்மையிலேயே தெரியாது. உணர்ச்சிக்குப் பெயர் கண்டுபிடிக்க அவர்களுக்கு நேரம் வேண்டும். என் மருமகன் உடலின் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டான்: காது சூடாகும், சொற்கள் குறையும். ஒன்று முதல் ஐந்து வரை தானே மதிப்பிட்டு, நான்கு ஆனவுடன் என்னிடம் கேளாமலே பின்கட்டுக்குப் போய்விடுவான். ஐந்து வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

பாரமான போர்வை சிலருக்கு அமைதி தரும். ஆட்டிசமுள்ள அமெரிக்க விஞ்ஞானி டெம்பிள் கிராண்டின், மாடுகளை அசையாமல் அணைத்துப் பிடிக்கும் சட்டத்தைக் கண்டு, தம் உடலை அழுத்தி அமைதிப்படுத்தும் யந்திரம் ஒன்றை இளம் வயதிலேயே செய்துகொண்டார். காதடைப்பான் போடுவது, விரல்களைத் தேய்ப்பது, உட்கார்ந்தபடி ஆடுவது யாவும் இவ்வகையே. “ஆளுக்கு முன்னால் ஆடாதே” என்று அதட்டுவோர், தாம் எதைப் பறிக்கிறோம் என்றறியாதவர்.

முதலாளிமார் செய்ய வேண்டியவையும் பெரிய செலவல்ல. மினுக்கும் குழல் விளக்கை மாற்றுங்கள். வேலையை வாயால் அடுக்காமல் எழுதிக் கொடுங்கள். மாற்றம் ஏதுமிருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்று குற்றம் பிடிக்காதீர்கள். முன்பக்கம் நிற்க விருப்பமா என்று கேளுங்கள். விரும்பி நிற்பவரும் இருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. சிங்கப்பூரில் ஆட்டிசம் ரிசோர்ஸ் சென்டரும், மலேசியாவில் நாசோம் எனப்படும் தேசிய ஆட்டிசம் சங்கமும் உண்டு. விவரம் அறிய விரும்புவோர் அவற்றை அணுகலாம்.

மருமகன் பழைய கணக்குப் புத்தகத்தைத் திரும்பத் தொட ஐந்து மாதமாயிற்று. முதலில் தினம் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு என்று வந்தான். அடுத்த பெருநாளுக்கு முன்பக்கத்துக்குத் தற்காலிகமாக இரண்டு ஆட்களை அமர்த்தினேன். சம்பளம் கொடுத்த வகையில் செலவு கூடியது உண்மை. அவன் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, வந்த மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.