சாரல் பயணம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஜூன் பிறந்து செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் குற்றாலத்தில் சீசன். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று எங்கு பார்த்தாலும் கைக்குழந்தைகளோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் வரும் குடும்பங்கள். பிள்ளைகள் மீதான அக்கறையில் யாருக்கும் குறைவில்லை. ஆனால் அந்த அக்கறை பல நேரம் தேவையில்லாத இடத்தில் அஞ்சுகிறது, அஞ்ச வேண்டிய இடத்தில் அசந்துவிடுகிறது.

நம்பிக்கை: வெயில் அடிக்கிறது, அருவியில் பயமில்லை.

உண்மை: அருவியில் விழுவது மலைக்கு மேலே பெய்த மழை. அடிவாரத்தில் ஒரு தூறல்கூட இல்லாதபோதும், மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் கொட்டும் மழை பாறைச் சரிவுகளில் வடிந்து மளமளவென்று காட்டாற்று வெள்ளமாகிவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் அப்படித்தான் திடீர் வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அப்போது சாரல் சீசன் தொடங்கவே இல்லை.

தண்ணீர் கலங்கி வந்தாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து விழுந்தாலோ, இரைச்சல் திடீரென்று கூடினாலோ, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடனே மேட்டுக்குப் போய்விட வேண்டும். துணியும் செருப்பும் போனால் போகட்டும்.

நம்பிக்கை: தண்ணீரில் தத்தளிக்கும் குழந்தை கூச்சல் போடும்.

உண்மை: பெரும்பாலும் சத்தமே வராது. மூச்சு விடுவதற்கே போராடும்போது கத்துவதற்குக் காற்று மிஞ்சாது. கையை உயர்த்தி அசைத்துக் கூப்பிடவும் முடியாது. வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் போய்வரும். பார்ப்பவருக்கு அது விளையாட்டாகவே தோன்றும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய கால்பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். முழங்கால் அளவுத் தண்ணீரும் தவழும் குழந்தைக்கு ஆழம்தான். காற்றடைத்த வளையம் விளையாட்டுப் பொருள். உயிர்காக்கும் கருவி அல்ல. கையெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருப்பதுதான் காவல்.

நம்பிக்கை: அருவியில் குளித்தால் சளி பிடிக்கும்.

உண்மை: சளியைக் கொண்டுவருவது வைரஸ். கூட்டத்தில் இருமுபவரிடமிருந்தும் கழுவாத கைகளிலிருந்தும் அது ஒட்டிக்கொள்கிறது. ஆனால் சிறு உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூட்டை இழக்கும். உதடு வெளுத்து உடல் நடுங்கினால் குளியலை நிறுத்தித் துவட்டி, உலர்ந்த உடை போட்டுவிட வேண்டும்.

நம்பிக்கை: சுத்தமான மலைத்தேன், கைக்குழந்தைக்கும் ஒரு சொட்டு நல்லது.

உண்மை: ஒரு வயது நிறையும்வரை தேன் கூடவே கூடாது. எவ்வளவு சுத்தமான தேனிலும் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். குழந்தையின் குடலில் அவை பெருகி, நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

நம்பிக்கை: குரங்குக்குப் பழம் கொடுத்தால் புண்ணியம், லேசாகப் பிறாண்டினால் மஞ்சள் வைத்தால் போதும்.

உண்மை: கையில் தீனி பார்த்துப் பழகிய குரங்கு, குழந்தையின் கையிலிருப்பதையும் பிடுங்க வரும். கடித்தாலோ பிறாண்டினாலோ ரேபிஸ் அபாயம் உண்டு. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் 15 நிமிடம் சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம்.

நம்பிக்கை: தூங்கும் குழந்தையைக் காரில் விட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்தால் போதும்.

உண்மை: அந்த இடைவெளியால் பெரிய பயன் இல்லை. மிதமான வெயிலிலும் அரை மணி நேரத்துக்குள் காருக்குள் சூடு ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும்.

குடும்பமாகக் கிளம்புகிறவர்கள் ஒன்றைச் செய்யுங்கள். அருவிக்கரையில் இறங்கும் முன்பே, பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொள்ள ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அவர் கையில் செல்போன் வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்ளுங்கள். குளிக்கத் தடை என்று காவலர் சொன்னால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.