ஸ்டார்ட் ஆகாத காரும் ஓம் விதியும்

பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் பாடம் முடிந்ததும் மாணவர்கள் ஓம் விதிக் கணக்குகளை ஓரளவு போட்டுவிடுகிறார்கள். ஆனால், “மின்தடை மிகச் சிறியதாக இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டுமா?” என்று கேட்டால், “வேண்டாம் சார்” என்றே பெரும்பாலோர் சொல்கிறார்கள். இந்தக் கருத்தைத் திருத்த நான் பயன்படுத்தும் கற்றல் கருவி, கார்புரேட்டர் உள்ள பழைய மாருதி 800. எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர், கார் உரிமையாளரின் சம்மதத்துடன், பழுதுபார்க்க வந்த காரையே பள்ளி மைதானத்துக்குக் கொண்டுவந்து உதவுகிறார்.

முதலில் பழுதின் அறிகுறியை மட்டும் சொல்கிறேன். சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தம் வருகிறது, எஞ்சின் சுற்றவில்லை. ஆனால் ஹெட்லைட் நன்றாக எரிகிறது. பழுது எங்கே? சில குழுக்கள், “பேட்டரி போச்சு” என்கின்றன. மற்றவை, “லைட்தான் எரியுதே! ஸ்டார்ட்டர் மோட்டார்தான் போச்சு” என்கின்றன. இரண்டுமே ஊகங்கள். எதை நம்பிப் பொருள் மாற்றினாலும் உரிமையாளருக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவு. எனவே அளந்த பிறகே முடிவு சொல்ல வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் விதி.

காரை நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இக்னிஷன் காயிலுக்குச் செல்லும் ஒயரை மெக்கானிக் கழற்றிவிடுவார். இனி எஞ்சின் ஓடாது. ஸ்டார்ட்டரை மட்டும் இயக்கிப் பார்க்கலாம். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து மூன்று அளவீடுகள் எடுக்கிறோம்.

1. எல்லாம் அணைந்த நிலையில் பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே: சுமார் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் இறங்கிவிட்டது.

2. சாவியைத் திருப்பும்போது அதே முனைகளில்: 10 வோல்ட்டுக்கும் வெகுவாகக் கீழே போனால் பேட்டரி மீது சந்தேகம்.

3. சாவியைத் திருப்பும்போது பேட்டரி முனைக்கும் அதைக் கவ்வியிருக்கும் கிளாம்புக்கும் இடையே: ஏறத்தாழ பூஜ்யம் காட்ட வேண்டும்.

முதல் இரண்டும் சரியாக இருந்து, மூன்றாவது 2 வோல்ட் காட்டினால் பழுது அங்கேதான். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்களுக்கு இடையே 2 வோல்ட்டா என்று மாணவர்கள் வியப்பார்கள். கரும்பலகைக்குப் போக வேண்டிய நேரம் அதுதான்.

ஸ்டார்ட்டர் 100 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். இழப்பு 2 வோல்ட் என்றால் மின்தடை 2 ÷ 100 = 0.02 ஓம். ஹெட்லைட்டுகளுக்குச் சுமார் 10 ஆம்பியர் போதும்; அதே 0.02 ஓமில் இழப்பு 0.2 வோல்ட் மட்டுமே. அதனால்தான் விளக்கு எரிகிறது, எஞ்சின் சுற்றவில்லை. மின்தடை சிறியதா பெரியதா என்பதை அதன் வழியே பாயும் மின்னோட்டத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்று மாணவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

தேர்வில் இருபதைத் தாண்டாத மாணவர் ஒருவர், “அப்போ அந்த இடம் சுடணுமே சார்?” என்று கேட்டார். அவருடைய தந்தை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறார். அடுத்து நடத்தவிருந்த ஜூல் விதிக்கு அந்தக் கேள்வியே முன்னுரை ஆனது. 100 × 100 × 0.02 = 200 வாட். அன்று கரும்பலகையில் கணக்கைப் போட்டவரும் அவரே.

முனையில் படிந்த வெள்ளை, பச்சைப் பொடியை ஆப்ப சோடா கரைத்த நீரால் கழுவும்போது நுரை பொங்கும். அமிலம், காரம் பற்றிய பாடத்தை அங்கே நினைவூட்டலாம். பிறகு உலர்த்தி, தேய்த்து, இறுக்கினால் ஸ்டார்ட்டர் சுற்றும்.

பாதுகாப்பு விதிகளைக் காரணத்தோடு சொல்லுங்கள். முதலில் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். நேர்முனையைக் கழற்றும்போது ஸ்பேனர் காரின் உடலில் பட்டாலும் சுற்று முழுமையாகாது. சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். அருகே நெருப்பு கூடாது. பள்ளி மல்டிமீட்டரால் ஸ்டார்ட்டரின் மின்னோட்டத்தை அளக்கவே கூடாது. அது பெரும்பாலும் 10 ஆம்பியர் வரைதான் தாங்கும். சாவியும் ஸ்பேனரும் மெக்கானிக்கின் கையில், மீட்டர் மட்டும் மாணவர் கையில்.

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்கள் பாய்மங்கள் பாடத்தில் இதே முறையைப் பின்பற்றலாம். மதிப்பீட்டுக்கு இந்த ஒரு வினா போதும்: “பிரேக் பெடல் பஞ்சு போல அமுங்குகிறது. குழாயில் காற்று புகுந்திருந்தால் ஏன் இப்படி ஆகும்?”