சுவரில் அழகு, தமனியில் ஆபத்து

நம் செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கிளிஞ்சல் சுண்ணாம்பையும் முட்டை வெண்கருவையும் சேர்த்து அரைத்து, பூச்சின்மேல் பூச்சாகப் பூசித் தேய்த்ததால் அது கண்ணாடிபோல் பளபளக்கிறது. சுவருக்கு அழகு தரும் சுண்ணாம்புச் சத்தே நம் எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தருகிறது. ஆனால் அது இரத்தக் குழாயில் படிந்தால் என்னவாகும்?

இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்லும் குழாய் தமனி என்று பாடத்தில் படித்திருக்கிறோம். அதன் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. இளமையில் அது ரப்பர் போல விரிந்து சுருங்கும். முதுமை, நீரிழிவு, சிறுநீரக நோய் ஆகியவற்றால் அச்சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்தால் தமனி விறைத்துப் போகிறது. எலும்பைப் போலவே இப்படிவும் எக்ஸ்ரே படத்தில் வெள்ளையாகத் தெரியும்.

நமக்கு அண்மையிலுள்ள புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவருடைய முயற்சியால் 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. மார்பகத்தில் வரும் அந்நோயை முன்கூட்டியே அறிய இன்று மேமோகிராம் என்னும் எக்ஸ்ரே படம் எடுக்கிறார்கள். சிலருடைய படத்தில் புற்றுநோய் இராது. ஆனால் தமனியின் இரு ஓரங்களிலும் தண்டவாளம் போல வெள்ளைக் கோடுகள் ஓடும்.

இக்கோடுகள் புற்றுநோயின் அடையாளம் அல்ல. ஆயினும் அவற்றை அலட்சியம் செய்யலாகாது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 60 முதல் 79 வயது வரையுள்ள 5,059 பெண்களை மருத்துவர்கள் சுமார் ஆறரை ஆண்டுகள் கவனித்தனர். இக்கோடுகள் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 51 விழுக்காடு அதிகம் என்று 2022-இல் வெளியிட்டனர்.

"புற்றுநோய் இல்லை" என்று கேட்டதும், மகிழ்ச்சியில் அந்தப் படத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். "தமனியில் சுண்ணாம்புப் படிவு உண்டா?" என்று ஒரு கேள்வி கேட்பதில்லை. இனி நம் அம்மாவுக்காகவும் அப்பத்தாவுக்காகவும் ஆயாவுக்காகவும் அதைக் கேட்போம்.

படிவு இருந்தால் பக்கவாதம் வந்தே தீரும் என்பதில்லை; இல்லாவிட்டால் வராது என்பதும் இல்லை. அது ஓர் எச்சரிக்கை மணி. மணி ஒலித்தால் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைச் சோதித்து, மருத்துவர் சொற்படி நடக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், வற்றலில் உள்ள உப்பைக் குறைக்க வேண்டும். கேழ்வரகையும் முருங்கைக்கீரையையும் நிறுத்த வேண்டியதில்லை; உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து இதற்குக் காரணமன்று.

வாய் ஒருபக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் உறைந்த கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும்.

நம் உடல் இறைவன் தங்கும் ஆலயம் என்று மறைக்கல்வியில் கற்கிறோம். வீட்டுச் சுவரைக் கண்போல் காக்கும் நாம், நம்மைப் பெற்றவளின் இரத்தக் குழாய்ச் சுவரையும் காப்போமாக!