மஞ்சளும் வேண்டாத உரோமமும்

பினாங்கு ஜார்ஜ்டவுனில், 1833ஆம் ஆண்டில் எழுந்த குவீன் வீதி மகாமாரியம்மன் ஆலயத்தைச் சுற்றியுள்ள கடைகளுக்குச் செல்லும் தோட்டத்துச் சகோதரிகள் பலர், கஸ்தூரி மஞ்சள் தூளையும் மறவாமல் வாங்கி வருவதுண்டு. முகத்திலும் கைகால்களிலும் முளைக்கும் வேண்டாத உரோமத்தை அது குறைக்கும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. இந்நம்பிக்கை எத்துணைத் தூரம் மெய்யானது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

உரோமம், தோலுக்கு அடியிலுள்ள ஒரு சிறு பையிலிருந்து வளர்கிறது. ஆண்களின் உடலில் மிகுதியாகவும் பெண்களின் உடலில் சிறிதளவும் சுரக்கும் டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஹார்மோன், அவ்விடத்தில் ஒரு நொதியின் செயலால் மேலும் வீரியமுள்ள பொருளாக மாறுகிறது. மெல்லிய பூனைமுடியைக் கறுத்துத் தடித்த உரோமமாக்குவது அப்பொருளே. ஆகவே, உரோமத்தைப் பிடுங்குவது வேறு. அதன் வளர்ச்சியைத் தணிப்பது வேறு. பால்மரம் சீவுவோருக்கு இது புதிதன்று. கையில் ஒட்டி உலர்ந்த பாலை உரிக்கும்பொழுது உரோமமும் உடன் வருகிறது. சில வாரங்களில் மீண்டும் முளைத்துவிடுகிறது. (இதனை வைத்தியமாக எவரும் செய்து பார்த்தல் கூடாது. அம்மோனியா கலந்த பால் தோலைப் புண்ணாக்கும்.)

வளர்ச்சியைத் தணிக்கும் ஆற்றல் மஞ்சள் இனத்தில் உண்டா? உண்டு என்றே தாய்லாந்தின் நரேசுவான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டது, மலாய்க்காரர்கள் தெமு ஹீத்தாம் என்று அழைக்கும் கிழங்கு. அறுத்துப் பார்த்தால் உள்ளே நீலம் பாய்ந்திருக்கும். அதிலுள்ள ஜெர்மாக்ரோன் முதலிய பொருள்கள், மேற்கூறிய நொதியின் வேலையைத் தடுக்கின்றன. அக்கிழங்கின் எண்ணெயைப் பெண்களின் அக்குளில் பூசிச் சோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டனர். உரோம வளர்ச்சி மெதுவாயிற்று, நின்றுவிடவில்லை. அங்குப் பயன்பட்டது கஸ்தூரி மஞ்சள் அன்று. அம்மியில் அரைத்த விழுதும் அன்று. பூசிய இடம் முகமும் அன்று. இவ்வேறுபாடுகளைக் கூறாமல் விற்பவரின் பேச்சை ஐயத்துடனேயே கேட்க வேண்டும்.

புதினா இனத்துத் தேநீரைப் பற்றியும் ஆய்வுகள் நடந்துள்ளன. துருக்கியில் 2007இல் வெளிவந்த ஆய்வில், 21 பெண்கள் நாளொன்றுக்கு இரு கோப்பை வீதம் ஐந்து நாள் பருகினர். இரத்தத்தில் ஆண் ஹார்மோன் குறைந்தது. 2010இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வில் 42 பெண்கள் 30 நாள் கலந்துகொண்டனர். ஹார்மோன் குறைந்ததோடு, உரோமமும் குறைந்ததாகப் பருகியவர்கள் கருதினர். மருத்துவர் அளந்து பார்த்தபொழுதோ மாற்றம் தென்படவில்லை! உரோமம் மாதக்கணக்கில் மாறுவது. ஒரு திங்கள் அதற்குப் போதாது.

சில பொருள்களை அறவே விலக்க வேண்டும். பழங்காலத்து முடிநீக்கும் பூச்சுகளில் சுண்ணாம்புடன் சேர்ந்த அரிதாரம், ஆர்செனிக் நஞ்சு உடையது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. பப்பாளிப்பால் தோலை அரிக்கும். கடைப் பூச்சு வாங்குவோர், உறையில் 'நோட்' என்று தொடங்கும் அறிவிப்பு எண் உள்ளதா எனக் காண வேண்டும். மஞ்சளேயாயினும், முன்கையில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பின்னரே முகத்தில் பூசுக. கருவுற்ற தாய்மார் இத்தகைய சாறுகளையும் எண்ணெய்களையும் தவிர்ப்பதே நலம்.

மோவாயிலும் மேலுதட்டிலும் உரோமம் திடீரெனத் தடித்து, மாதவிலக்கும் தவறி, உடல் பருத்து, முகப்பருவும் தோன்றுமாயின் அது அழகு பற்றிய செய்தியன்று. சினைப்பையில் ஏற்படும் பி.சி.ஓ.எஸ். என்னும் கோளாறாக அது இருக்கலாம். பிள்ளைப்பேற்றுக்குத் தடையாகவும், நீரிழிவுக்கு வழியாகவும் அமையலாம். குரல் தடித்தாலோ சிறிதும் தாமதித்தல் ஆகாது. மணமாகாத பெண்ணாயிற்றே, பிறர் என்ன சொல்வரோ என்று அன்னையர் மறைத்துவைப்பதாலேயே காலம் வீணாகிறது. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். கடைசியாக மாதவிலக்கான தேதியையும், இதுவரை பூசியும் உண்டும் பார்த்த மருந்துகளின் பெயர்களையும் ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று பதிவு மேசையில் தயங்காமல் கேட்கலாம்.