கலைச்சந்தையில் நமது கோயிற் சிலைகள்

உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தைச் சேர்ந்த லோக்கரி என்னும் சிற்றூரில், கி.பி. 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யோகினி சிற்பங்கள் ஏறத்தாழ 20 இருந்தன. பெண் உடலும் விலங்குத் தலையும் கொண்ட தெய்வ வடிவங்கள் அவை. தேசிய அருங்காட்சியகத்தின் பொருட்டு இவற்றை ஆராய்ந்து எழுதப்பெற்ற நூல் 1986-இல் வெளியாயிற்று. அந்தப் பத்தாண்டிலேயே சில சிற்பங்கள் களவு போயின. ஆட்டுத்தலை யோகினி 1988-இல் லண்டன் கலைச்சந்தையில் தலைகாட்டி மறைந்தது. பின்னர் இங்கிலாந்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் கண்டறியப்பட்டு, 2022 ஜனவரியில் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. எருமைத்தலை யோகினி 2013-இல் பாரிஸிலிருந்து திரும்பியது. இதன் எடை சுமார் 400 கிலோ. மடியில் மறைத்து எடுத்துச் செல்லக்கூடிய பொருளன்று. ஏற்றவும் இறக்கவும் கப்பலில் சேர்க்கவும் பலர் துணை நின்றிருக்க வேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. பழம்பொருள்களை உரிமமின்றி நாட்டிற்கு வெளியே அனுப்புவதை 1947-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்தது. 1972-இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டம், நூறாண்டுக்கு மேற்பட்ட சிலைகளைத் தனியார் ஏற்றுமதி செய்வதை அடியோடு தடை செய்தது. பண்பாட்டுச் சொத்துகளின் கள்ள வாணிபத்தைத் தடுக்க யுனெஸ்கோ 1970-இல் வகுத்த உடன்படிக்கையில் இந்தியா 1977-இல் சேர்ந்தது. ஆனால் இவ்வுடன்படிக்கை பின்னோக்கிச் செல்லாது. ஆகவே, 1970-ஐ ஒட்டிய காலத்திலேயே சிலை கைமாறிவிட்டதாக ஒரு தாள் இருந்தால் போதும், வாங்குவோரின் ஐயம் தணிந்துவிடும். வணிகரும் இதை நன்கறிவர்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர் இதற்குத் தக்க சான்று. சோழர் காலச் செப்புத் திருமேனியான அதனை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு நியூயார்க் வணிகர் ஒருவரிடமிருந்து வாங்கிற்று. வெளிநாட்டவர் ஒருவர் 1970-இல் டில்லியில் இதனை வாங்கினார் என்று ஆவணம் காட்டப்பட்டது. அந்தப் பொய்யை உடைத்தது எது? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1994-இல் அக்கோயிலில் எடுத்த நிழற்படம். 1970-இல் விற்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட சிலை 1994-இலும் கோயிலிலேயே இருந்திருக்கிறது! 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

நாளந்தா தொல்பொருள் அருங்காட்சியகத்திலிருந்து 1961-இல் 14 செப்புச் சிலைகள் திருடப்பட்டன. அவற்றுள் ஒன்றான 12-ஆம் நூற்றாண்டுப் புத்தர் சிலை, 2018-இல் நெதர்லாந்தின் மாஸ்திரிக்ட் கலைக் கண்காட்சியில் விற்பனைக்கு வந்தபோது, பழைய நிழற்படங்களைக் கொண்டே அடையாளம் காணப்பட்டது. மெழுகு வார்ப்பு முறையில் ஒவ்வொரு சிலைக்கும் தனிக் கரு செய்யப்பட்டு, வார்த்தபின் உடைக்கப்படுகிறது. எனவே இரு சிலைகள் எல்லா நுணுக்கங்களிலும் ஒத்திருத்தல் அரிது. ‘இது வேறொரு சிலை’ என்னும் வாதம் இதனால் எடுபடவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று லண்டன் காவல்துறை அதனை நமது தூதரகத்திடம் ஒப்படைத்தது.

படம் இருந்ததால் இவை மீண்டன. படமெடுக்கப்படாத சிலைகளின் நிலையே கவலைக்குரியது. 2007-இல் தொடங்கப்பெற்ற நினைவுச்சின்னங்கள், தொல்பொருள்களுக்கான தேசிய இயக்கம் நாட்டிலுள்ள தொல்பொருள்களை 58 லட்சம் என மதிப்பிட்டது. 2023-இல் நாடாளுமன்றக் குழுவின் கவனத்திற்கு வந்தபோது பதிவானவை சுமார் 16.8 லட்சமே. 2024 ஜூலையில் அமெரிக்காவுடன் செய்துகொள்ளப்பட்ட பண்பாட்டுச் சொத்து ஒப்பந்தம் வரவேற்கத்தக்கது எனினும், எந்தச் சிலை எந்தக் கோயிலுடையது என்பதை நாம்தான் மெய்ப்பிக்க வேண்டும்.

அதற்குத் தேவையான பதிவு பெருஞ்செலவு பிடிப்பதன்று. முன்புறம், பின்புறம், இரு பக்கங்கள், பீடத்தின் அடிப்பகுதி ஆகியவற்றின் தெளிவான படங்கள், உயரமும் அகலமும், பீடத்தில் எழுத்து இருப்பின் அதன் படி, இவற்றோடு தேய்ந்த மூக்கு, ஒடிந்த விரல், வார்ப்பில் நேர்ந்த சிறு குழி முதலிய குறைகளின் விவரம். கலை நூல்கள் பொருட்படுத்தாத இக்குறைகளே அடையாளத்தை உறுதிசெய்ய வல்லவை. பதிவின் ஒரு படி கோயிலிலும் மற்றொன்று மாவட்டத் தலைநகரிலும் இருத்தல் வேண்டும். சிலையோடு பதிவேடும் மறைந்துபோக இடம் தரலாகாது.