பழைய தலையணி வாங்குகிறீர்களா?

கருணாபுரம் பக்கம் யாராவது பழைய சினிமாக் கிரீடமோ கூத்து முடியோ பெண் வேடத்து நெற்றிச்சுட்டியோ விலைக்குத் தந்தால், முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஹாலிவுட்டின் வெஸ்டர்ன் காஸ்ட்யூம் நிறுவனம் நடிகர் பெயர் எழுதிய சீட்டை உடைக்குள் தைத்துவிடும். 1970இல் எம்.ஜி.எம். ஸ்டூடியோவின் உடைகள் ஏலத்துக்கு வந்தபோது வாங்கியவர்களுக்கு இப்படிப்பட்ட அடையாளங்கள்தாம் துணை. நம்மூர்ப் பொருளில் சீட்டு இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் வியர்வைக்கறை, பழுதுபார்த்த தையல் இவையே சாட்சி. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், ஜெமினி என்று ஸ்டூடியோ பெயரை மட்டும் சொன்னால் நம்பாதீர்கள். படத்தின் ஸ்டில்லோடு கல் கல்லாக ஒப்பிடுங்கள்.

வாங்கியபின் தண்ணீர் காட்டவே கூடாது. கூத்து முடி கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செய்வது. ஈரம் பட்டால் ஒட்டிய கண்ணாடியும் வண்ணத்தாளும் உரிந்துவிடும். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள், போதும். முலாம் பூசியதைப் புளி போட்டுத் தேய்த்தால் பூச்சே போய்விடும். துணித் தலைப்பாகைக்குள் கஞ்சி போடாத பழைய வேட்டித்துணியைச் சுருட்டி வைத்தால் வடிவம் குலையாது. பிளாஸ்டிக் உறை வேண்டாம்.

இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் குழுவிடம் மட்டும் கேட்காதீர்கள். அந்த முடி அடுத்த பாரதக் கூத்துக்கு வேண்டும்.